இரண்டு சீட் காருக்கு எழுதிய எஸ்டிமேட்

1. குறைக்கச் சொன்னவர்கள்

தர்மபுரியில் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக இருபது வருடங்களுக்கு மேல் ஓட்டிவிட்டேன். அடிபட்ட வண்டியைப் போய்ப் பார்த்து, எதை மாற்ற வேண்டும், எதைத் தட்டி நிமிர்த்தினால் போதும், கம்பெனி எவ்வளவு கொடுக்கலாம் என்று எழுதித் தருவது என் வேலை. "கொஞ்சம் ஏத்திப் போடுங்க சார்" என்று கேட்டவர்களுக்குக் கணக்கில்லை. கேட்காதவர்களைத்தான் நான் சந்தேகப்படுவேன். ஆனால் "தயவு பண்ணி குறைச்சுப் போடுங்க" என்று பஸ் ஏறி என் வீட்டுக்கே வந்து நின்றவர்கள் ஒரே ஒரு தம்பதிதான். அப்படி வரவைத்த பெருமையும் என்னையே சேரும்.

புதிதாக லைசென்ஸ் வாங்கி வந்திருக்கும் சர்வேயர்களுக்காக இதை எழுதுகிறேன். என் திறமையைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் அபிப்பிராயம் இதனால் குறையலாம். ரொம்ப உயரத்தில் இருந்து விழப்போவதில்லை.

2. ஆடு

நான் பார்ப்பதெல்லாம் தொப்பூர் கணவாயில் கவிழ்ந்த லாரி, டிராக்டர் டிரெய்லர், கல்யாணத்துக்குப் போய்ப் பள்ளத்தில் இறங்கிய வேன். ஒருநாள் ஆபீஸில் இருந்து வந்த கிளெய்ம் பேப்பரில் வண்டி வகை என்ற இடத்தில் "ஸ்போர்ட்ஸ் கார்" என்று இருந்தது. ஊர் பொம்மிடி பக்கம். ஸ்போர்ட்ஸ் பைக்கைத்தான் யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

தப்பில்லை. தகர ஷெட்டுக்குள் நிஜமாகவே நின்றது. கூரை இல்லாத, தரையோடு ஒட்டிய, இரண்டே சீட் உள்ள பழைய இங்கிலாந்துக் கார். அடர் பச்சை. தயாரித்த கம்பெனி மூடிப் பல காலம் ஆகிறது. முன்பக்கம் பார்த்தால் மாப்பிள்ளை மாதிரி இருந்தது. பின்பக்கம் பார்த்தால் மாமனாரிடம் உதை வாங்கிய மாப்பிள்ளை மாதிரி. டிக்கி மூடி மடங்கி, பின் பம்பர் வளைந்து, ஒரு டெயில் லேம்ப் ஒயரில் தொங்கியது.

சொந்தக்காரர் மாதையன். அறுபத்தைந்து வயது இருக்கும். பொம்மிடியில் லேத் பட்டறை. வாலிபத்தில் ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றில் காப்பிக்கொட்டை மெஷின் ரிப்பேருக்குப் போனவர், அங்கே மாட்டுக் கொட்டகையில் கிடந்த இந்தக் காரைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். கிடைக்காத பாகங்களை எல்லாம் தன் லேத்திலேயே கடைந்து போட்டு ஓடவைத்திருக்கிறார்.

"பாதி காரு இங்கிலாந்துங்க சார், மீதி பொம்மிடி" என்றார்.

"பெங்களூர்ல இதுக்கெல்லாம் நல்ல விலை கொடுப்பாங்களே?"

"ரெண்டு பேரு வந்தாங்க. பானெட்டத் தொறந்தாங்க. இதெல்லாம் ஒரிஜினல் இல்லையேன்னாங்க. ஆமாங்க, ஒரிஜினல் ஓடல, அதான் மாத்திட்டன்னு சொன்னன். போயிட்டாங்க."

பேச்சுக்கு நடுவே சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டேன். அதுதான் இந்தத் தொழிலில் நான் தவறாமல் ஒழுங்காகச் செய்யும் காரியம். பிறகு கிளெய்ம் ஃபார்மை எடுத்தேன். மாதையனின் பெரிய பையன் அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தார். விபத்துக்குக் காரணம்: "குறுக்கே வந்த ஆட்டைக் காப்பாற்ற வண்டியைத் திருப்பியபோது புளியமரத்தில் மோதியது."

"ஆடு எந்தப் பக்கமா வந்துச்சுங்க?"

"மேக்கால இருந்துங்க."

"நீங்க?"

"நேரா மலையடிவாரம் பாத்துப் போயிக்கிட்டு இருந்தங்க."

"நேரா போன காரு எப்படிங்க முதுகுல அடி வாங்குச்சு? ஆட்டுக்குப் பயந்து ரிவர்ஸ்ல ஓடிச்சா?"

மாதையன் டெயில் லேம்ப்பைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பொய்யான காரணம் எழுதியிருந்தால் கிளெய்ம் மொத்தமும் போய்விடும், நிஜத்தை எழுதினால் எனக்குத் தெரிந்தவரை எதுவும் போகாது என்று சொன்னேன். அவர் வீட்டுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார்.

"பசங்களுக்குத் தெரியாதுங்க சார்."

அதற்குள் அவர் மனைவி சாந்தா மோர் எடுத்துக்கொண்டு வந்தார். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, ஷெட் கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"நான் சொல்றங்க. ஏத்தத்துல போறப்ப எங்களுக்குள்ள பேச்சு வந்துருச்சு. வண்டிய நிறுத்துங்கன்னன். நிறுத்துனாரு. எறங்கி வூட்டப் பாத்து நடந்தன். இவரு எறங்கி பின்னாலயே ஓடி வந்தாரு, சாந்தா சாந்தான்னு. ஹேண்ட் பிரேக்கும் இவரே லேத்துல செஞ்சது. அது எப்பிடி நிக்கும்?"

"நல்லாத்தான் செஞ்சிருந்தன். ரேச்செட்டுப் பல்லு தேஞ்சி போச்சு" என்றார் மாதையன்.

"நாங்க ரெண்டு பேரும் ரோட்டுல நின்னு பேசிக்கிட்டு இருக்கறப்பவே காரு எங்களத் தாண்டிப் போச்சுங்க சார். ஆளே இல்லாம. சத்தமே இல்ல. நேரா போயி மரத்துல முட்டிக்கிச்சு."

"பேச்சு எதப் பத்திங்க?" என்று கேட்டேன். தொழில் ரீதியாக அது தேவையில்லாத கேள்வி.

"அது ஃபார்முல கேட்டிருக்குதுங்களா?" என்றார் சாந்தா.

கேட்கவில்லை. "சரிவில் நிறுத்தியபோது ஹேண்ட் பிரேக் பிடிக்காமல் வண்டி பின்னோக்கி உருண்டு மரத்தில் மோதியது" என்று புதிதாக வாக்குமூலம் எழுதி வாங்கிக்கொண்டேன். எதற்காக நிறுத்தினார்கள் என்பதற்கு அதில் இடம் ஒதுக்கவில்லை. சாட்சி கையெழுத்தைச் சாந்தாவே போட்டார்.

3. நான் செய்த நல்ல காரியம்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே "மாற்று" என்றோ "ரிப்பேர்" என்றோ எழுத வேண்டும். "மாற்று" என்று எழுதுகிற சர்வேயர் தெய்வம். "ரிப்பேர்" என்று எழுதுகிறவன் எமன். லாரி ஓனர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்த இந்தப் பாடம் எனக்குள் ஊறிப்போயிருந்தது. ஒருவர்மேல் பிரியம் வந்துவிட்டால் பேனா தானாகவே "மாற்று" பக்கம் சாயும்.

மாதையன்மேல் எனக்குப் பிரியம் வந்திருந்தது. நாற்பது வருடம் ஒரு காரைக் கையால் கடைந்து ஓட்டிய மனிதருக்குக் கடைசிக் காலத்தில் ஒரிஜினல் பாகம் கிடைக்கட்டுமே என்று நினைத்தேன். டிக்கி மூடி மாற்று. பம்பர் மாற்று. பின் பேனல் மாற்று. டெயில் லேம்ப் இரண்டும் மாற்று. ஒன்று நன்றாகத்தான் இருந்தது, ஜோடி பிரியக் கூடாது என்று அதையும் சேர்த்தேன். விலையை வெளிநாட்டு டீலர் ஒருவரின் பட்டியலில் இருந்து எடுத்தேன். "சேசிஸ் வளைந்திருக்கலாம்" என்று வண்டியின் அடிச்சட்டத்தைப் பற்றி ஒரு வரி எழுதி அதற்கும் ஒரு தொகை போட்டேன். அளந்து பார்க்கவில்லை. குனிந்து அளக்க வேண்டிய இடம் அது. எனக்கு இடுப்பு வலி.

ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டு, அன்று மாலை வெகு நேரம் என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயத்துடன் இருந்தேன்.

ஒரு விஷயத்தைப் பார்க்க மறந்துவிட்டேன். பாலிசி எடுக்கும்போது வண்டியின் மதிப்பு இவ்வளவு என்று ஒரு தொகை எழுதுவார்கள். அது கூடினால் பிரீமியமும் கூடும். எனவே பழைய வண்டிக்காரர்கள் எல்லோரும் செய்வதைத்தான் மாதையனும் செய்திருந்தார். அவர் எழுதிய மதிப்பு ஒரு புது ஸ்கூட்டர் விலையைக் கொஞ்சம் தாண்டியிருந்தது, அவ்வளவே. ரிப்பேர் செலவு அந்த மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால் கம்பெனி ரிப்பேர் செய்யாது. "டோட்டல் லாஸ்" என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிடும். வண்டியை ஏலத்துக்கு எடுத்துக்கொள்ளும். நானே வைத்துக்கொள்கிறேன் என்றாலும் ஆர்.சி. ரத்தாகிவிடும். அதற்கப்புறம் அது கார் இல்லை. கார் வடிவத்தில் இருக்கும் இரும்பு. ரோட்டில் இறக்க முடியாது.

என் எஸ்டிமேட் முக்கால் பங்கை மட்டுமா தாண்டியது? முழுப் பங்கையும் தாண்டி அடுத்த ஊருக்குப் போயிருந்தது.

4. அஞ்சு பேரு

ஆர்.சி.யை ஒப்படைக்கும்படி கம்பெனி அனுப்பிய கடிதத்தோடு இருவரும் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார்கள். சோபாவில் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்தார்கள்.

"நல்லது பண்றன்னு நெனச்சி கொன்னுட்டீங்க சார்" என்றார் மாதையன். கோபமாகச் சொல்லவில்லை. பல் டாக்டரிடம் தப்பான பல்லைப் பிடுங்கக் கொடுத்தவர் சொல்வது போலச் சொன்னார்.

நான் நியாயம் பேச ஆரம்பித்தேன். அந்தக் காலத்தில் பஸ்ஸில் போகும்போது கொஞ்சம் பொருளாதாரம் படித்திருக்கிறேன். ஒரு பொருளின் பயனுக்கு ஒரு மதிப்பு, சந்தையில் அதற்கு ஒரு மதிப்பு என்று தொடங்கினேன். சாந்தா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுருக்கிக்கொண்டு விஷயத்துக்கு வந்தேன்.

"வர்ற பணத்தோட கொஞ்சம் போட்டா செகண்ட் ஹேண்ட்ல நல்ல சின்ன கார் வாங்கலாங்க. கூரை இருக்கும். ஏ.சி. இருக்கும். மழை வந்தா நனைய வேண்டாம்."

"அதுல எத்தினி பேரு உக்காரலாங்க?" என்று கேட்டார் சாந்தா.

"தாராளமா அஞ்சு பேரு."

"அதனாலதான் வேணாங்கறன்."

எனக்குப் புரியவில்லை. மாதையனுக்குப் புரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எங்க வூட்டுல பத்து பேருங்க சார்" என்றார் சாந்தா. "ரெண்டு பையன், ரெண்டு மருமவ, நாலு பேரப்பசங்க, நாங்க. மருமவளுங்க முன்னால இவர நான் ஒரு வார்த்த கேக்க முடியுங்களா? அப்பறம் அதுங்க அதுங்க புருசன நாலு வார்த்த கேக்கும். இவருக்கும் மரியாத போயிரும். பட்டறைல பேசலாம்னா அங்கயும் ஆளுங்க. ஞாயித்துக்கெழம காலைல இந்தக் கார எடுத்துக்கிட்டு மலையடிவாரம் வரைக்கும் போவோம். போறப்ப நான் பேசுவன். வர்றப்ப இவரு பேசுவாரு. வண்டி சத்தத்துல யாருக்கும் ஒண்ணும் கேக்காது. பேரப்பசங்க கூட வரன்னு அழுவும், எடமில்லடான்னுருவோம். நெசமாவே எடமில்ல பாருங்க."

"எவ்வளவு நாளா?"

"பெரியவனுக்குக் கல்யாணம் ஆனதுல இருந்து. பதினாறு வருசம்."

"சண்டையா?"

"சண்டதான். வேற என்ன பேசறது? ஆனா வூட்டுக்கு வந்தா ஒண்ணும் இருக்காதுங்க. காரு அடிபட்டு ஏழு வாரம் ஆவுது. ஏழு வாரமா மனசுல போட்டு வெச்சிருக்கன். இவரு மூஞ்சப் பாத்தாலே எரிச்சலா வருது."

"எனக்கும் இருக்குது" என்றார் மாதையன், ஜன்னலைப் பார்த்தபடியே.

"பாத்தீங்களா? எதுன்னு சொல்ல மாட்டாரு. காருல ஏறுனாத்தான் வாயத் தொறப்பாரு. ஆர்.சி. போயிருச்சின்னா இந்த மனுசன்கிட்ட நான் எங்க போயி பேசுவங்க?"

என் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். எங்கள் வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர். நான்கு அறை. இருந்தும் அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று கேட்க எனக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

5. குறுக்களவு

எஸ்டிமேட்டைத் திருத்துவது லேசில்லை. ஏற்றித் திருத்தினால் கையூட்டு வாங்கினான் என்பார்கள். குறைத்துத் திருத்தினால் அதற்கு ஒரு பெயரே கிடையாது. மேனேஜருக்குப் போன் செய்து, என் ரிப்போர்ட் தப்பு, மறுபடி பார்த்து எழுதுகிறேன் என்றேன்.

"யாரு தப்புன்னு சொன்னது?"

"கஸ்டமர் சார்."

"கம்மியா இருக்குன்னாரா?"

"அதிகமா இருக்குன்னாரு."

"யோவ், உடம்பு நல்லா இருக்குல்ல?" என்றார். பிறகு, "ஃபைல்ல என்னன்னு எழுதப்போற? ஆடிட்ல கேட்டா நான் என்ன சொல்றது?"

"சேசிஸை அளக்காம எழுதிட்டேன்னு எழுதறேன். அதுதான் உண்மை."

"கெட்ட பேரு உனக்குத்தான். அளந்து பாரு. நெஜமாவே வளைஞ்சிருந்தா டோட்டல் லாஸ்தான், அப்புறம் எங்கிட்ட வராத."

அதில்தான் சிக்கல். சேசிஸ் நிஜமாகவே வளைந்திருந்தால், நான் கண்ணை மூடிக்கொண்டு எழுதியது சரியாகிவிடும். வாழ்க்கையில் முதல்முறையாக, என் ரிப்போர்ட் தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பொம்மிடிக்குப் போனேன்.

தர்மபுரியில் இருந்து டிங்கர் பாஷா பாயைக் கூட்டிப் போனேன். தகரத்தைத் தட்டி நிமிர்த்துவதில் அவரைப் போல ஆள் இந்த ஜில்லாவில் இல்லை. அவர் காரை ஒருமுறை சுற்றி வந்தார். டிக்கி மூடியைத் தடவினார்.

"நல்ல தகடு சார். இப்ப வர்ற வண்டிங்கன்னா அப்பளம். இது தட்டுனா வந்துரும். எதுக்கு மாத்துன்னு போட்டீங்க?"

"பிரியத்துல" என்றேன்.

"பம்பரு?"

"அதுவும் பிரியத்துலதான்."

"சேசிஸு?"

நான் பையில் இருந்து அளவு டேப்பை எடுத்தேன்.

காரை நான்கு கட்டைமேல் ஏற்றினோம். சேசிஸ் நேராக இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய மெஷின் எல்லாம் எங்களிடம் இல்லை. முன் இடது மூலையில் இருந்து பின் வலது மூலைக்கு ஒரு அளவு. முன் வலதில் இருந்து பின் இடதுக்கு இன்னொரு அளவு. இரண்டும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேராக இருக்கிறது. வித்தியாசம் இருந்தால் கோணிவிட்டது. பத்து நிமிட வேலை. முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

மாதையனால் டேப்பைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு முறை நழுவவிட்டார். சாந்தா வாங்கி முன்பக்க முனையில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பாஷா பாய் பின்பக்கம் மல்லாந்து படுத்தார். நானும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் படுத்தேன்.

முதல் குறுக்களவை எழுதிக்கொண்டேன். இரண்டாவது அளவில் அரை அங்குலம் கூடியது.

அரை அங்குலம் என்றால் கோணல்தான். என் ரிப்போர்ட் சரி. ஆர்.சி. போய்விட்டது.

"இன்னொருக்கா பிடிங்கம்மா" என்றார் பாஷா பாய். அதே அரை அங்குலம். மூன்றாவது தடவை அவரே முன்பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். விரலால் எதையோ தட்டினார்.

"இந்த மூலைல இருக்கற பிராக்கெட்டு கம்பெனிது இல்லையே?"

மாதையன் தலையைச் சொறிந்தார். "அது நான் போட்டதுங்க. ஒரிஜினல் துரு பிடிச்சி போச்சு. கொஞ்சம் கனமா இருக்கட்டும்னு தடியா கடைஞ்சன்."

"ஒரிஜினலவிட எவ்வளவு தடியா?"

"அரை அங்குலம்."

பிராக்கெட்டைக் கழற்றிவிட்டு, அடியில் இருந்த சட்டத்திலேயே டேப்பை வைத்து அளந்தோம். இரண்டு அளவும் ஒன்று. பாஷா பாய் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். சாந்தா டேப்பை விட்டார். அது சுருண்டு வந்து என் மூக்கில் அடித்தது. அதை நான் ரிப்போர்ட்டில் சேர்க்கவில்லை.

புது எஸ்டிமேட்டில் "மாற்று" என்ற சொல் ஒரே ஒரு இடத்தில் வந்தது: உடைந்த டெயில் லேம்ப்புக்கு. மற்றதெல்லாம் ரிப்பேர், பெரும்பகுதி பாஷா பாயின் கூலி. முக்கால் பங்குக்குக் கீழே வசதியாக நின்றது. முதல் ரிப்போர்ட்டைப் பற்றி, "சேசிஸ் அளக்கப்படாமல் அனுமானத்தில் எழுதப்பட்டது, பிழை என்னுடையது" என்று கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு ஆறு மாதம் அந்த ஆபீஸில் இருந்து எனக்கு ஸ்கூட்டர் கிளெய்ம்தான் வந்தது.

6. டிரயல்

ரிப்பேர் முடிந்ததும் வண்டியை ஓட்டிப் பார்த்து எழுத வேண்டும். போனேன். கார் வாசலில் நின்றது. மாதையன் ஸ்டீயரிங்கில். ஹேண்ட் பிரேக்குக்குப் புது ரேச்செட் கடைந்திருந்தார், இழுத்துக் காட்டினார். நான் உட்கார வேண்டிய சீட்டில் சாந்தா ஏற்கனவே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார் ஓட்டிப் பாக்கணுமாம்" என்றார் மாதையன்.

"பாக்கட்டும். திரும்பி வந்தப்பறம் பாக்கட்டும்" என்றார் சாந்தா. "நீங்க எடுங்க."

கார் கிளம்பியது. தெருமுனை திரும்புவதற்குள்ளேயே சாந்தாவின் கை காற்றில் உயர்ந்துவிட்டது. சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பெரிய மருமகள் எனக்கு நாற்காலி போட்டு, "அத்தைக்கும் மாமாவுக்கும் இந்தக் கார்னா அவ்வளவு இஷ்டங்க" என்றார். ஆமாம் என்றேன்.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது மாதையன் காது சிவந்திருந்தது. சாந்தாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. இருவரும் வழியில் பலாச்சுளை வாங்கி வந்திருந்தார்கள். எனக்கும் ஒரு பொட்டலம். "டிரயல் பார்க்கப்பட்டது, திருப்தி" என்று எழுதினேன். பார்த்தது யார் என்று ஃபார்மில் கேட்பதில்லை.

புதியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இரண்டு. ஒன்று, குனிந்து அளந்துவிடுங்கள். இடுப்பு வலி உங்கள் சொந்த விஷயம். இரண்டாவது, பேனாவை எடுப்பதற்கு முன்னால் நான் இப்போது எல்லோரிடமும் கேட்கும் கேள்வி: "வண்டி இல்லாம இத்தன நாள் எப்படிங்க போச்சு?" சந்தை விலை ஏலக்காரருக்குத் தெரியும். இது சொந்தக்காரருக்கு மட்டும்தான் தெரியும். பலர் வாடகை நஷ்டத்தைச் சொல்வார்கள். சிலர் யோசிப்பார்கள்.

போன மாதம் பென்னாகரத்தில் ஒரு பால் வேன்காரரிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "பத்து வருசம் கழிச்சி இப்பத்தான் விடிஞ்சப்பறம் எந்திரிச்சங்க சார்" என்றார். இந்தத் தடவை குனிந்து, இரண்டு குறுக்களவும் எடுத்துப் பார்த்தேன். சட்டம் நன்றாகவே கோணியிருந்தது. டோட்டல் லாஸ் என்று எழுதினேன். நான் எழுதி முடிக்கும்வரை அவர், "ரிப்பேர்" என்று மாற்றிவிடுவேனோ என்பது போல, என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.